அழுகிற பிள்ளையை சாண்டா மடியில் வைக்க வேண்டாம்



நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக ஒரே கேள்வி. "சாண்டாவைப் பார்க்கப் போனீங்களே, பேத்தி அவர் மடியில உட்கார்ந்த போட்டோ எங்கே?" மதினி கேட்கிறார், சின்ன மாமா கேட்கிறார், பெங்களூரில் இருக்கும் தங்கச்சி மகள் தினமும் கேட்கிறாள். மடியில் உட்கார்ந்த போட்டோ இல்லை. எடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த மாதிரி நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை பயந்து அழும்போது, அதைப் பிடித்து முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார வைத்துப் படம் எடுப்பது வேடிக்கை இல்லை. அது சாண்டாவாக இருந்தாலும் சரி, நம் ஊர்க் கல்யாண வீட்டில் பத்து வருஷம் கழித்து வந்த பெரியப்பாவாக இருந்தாலும் சரி.

நானும் சாரும் நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேத்திக்கு ஒரு வயது எட்டு மாதம். இங்கே நவம்பர் பாதியிலேயே மால்களில் சாண்டா வந்து உட்கார்ந்துவிடுகிறார். பெரிய நாற்காலி, பஞ்சுப் பனி, விளக்கு, பக்கத்தில் ஒரு கேமராக்காரர். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவரோடு படம் எடுப்பது இங்கே குடும்பச் சடங்கு மாதிரி. நம் ஊரில் காதுகுத்துப் போட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கடைக்குப் போய் சாண்டாவைப் பார்க்கும் பழக்கத்துக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் எட்கர் என்று ஒரு கடைக்காரர் இருந்தார். 1890-இல் அவரே சிவப்பு உடை போட்டு, தாடி வைத்துக்கொண்டு, தன் கடைக்குள் நடந்து பிள்ளைகளோடு பேசினாராம். கடைக்குள் வந்த முதல் சாண்டா அவர்தான் என்று சொல்கிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளை ரயிலில் கூட்டி வந்து காட்டினார்கள். மற்றக் கடைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 1937-இல் சாண்டா வேஷம் போடுகிறவர்களுக்கென்றே இங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. வேஷம் போடுவதற்கும் பாடம் உண்டு பாருங்கள்!

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. மகள் பத்து நாள் முன்னாலேயே ஆன்லைனில் நேரம் குறித்து, படத்துக்குப் பணமும் கட்டியிருந்தாள். இருந்தும் வரிசையில் அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். அவர்கள் பிள்ளைக்கும் நம் பேத்தி வயதுதான் இருக்கும். அதை சாண்டா மடியில் வைத்துவிட்டு அப்பா ஓடி வந்து கேமரா பக்கம் நின்றுகொண்டார். பிள்ளை முகம் சிவந்து, மூச்சு வாங்கி, இரண்டு கையையும் அப்பாவைப் பார்த்து நீட்டி அழுகிறது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். பத்து செல்போன் மேலே எழும்புகிறது. கேமராக்காரர் ஒரு ரப்பர் வாத்தை அமுக்கிக் 'கீ கீ' என்று சத்தம் காட்டுகிறார்.

எங்கள் முறை வந்தது. பேத்தி அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. உதவிக்கு நின்ற பெண், "சும்மா வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்றாள். மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் பிள்ளையைப் பார்த்தாள். "வேண்டாம், இப்படியே நிற்கிறோம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த சாண்டா இருக்கிறாரே, அவர்தான் நல்ல வாத்தியார். பேத்தியை நேராகப் பார்க்கவே இல்லை. அவள் கையில் இருந்த துணி முயலைப் பார்த்து, அதனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். பேத்தி அம்மா தோளிலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். நாங்கள் எதிரே ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டு போயிருந்த இட்லியைக் கொடுத்தோம். சாப்பிட்டுக்கொண்டே கால்மணி நேரம் அவரையே பார்த்தாள். கிளம்பும்போது இருபதடி தள்ளி நின்று தானாகவே கை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

நான் முப்பத்து நான்கு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். அழுகிற பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பு வாசலில் இரண்டு விதமான வீட்டார் வருவார்கள். ஒரு வகை, பிள்ளையைப் பிய்த்து உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இன்னொரு வகையில் ஆச்சி ஒருத்தி வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள் பிள்ளை ஆச்சி மடியில். இரண்டாம் நாள் வாசல்படியில். மூன்றாம் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆச்சி இருக்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அதுவே சொல்லும், "ஆச்சி, நீ வீட்டுக்குப் போ."

முதல் வகைப் பிள்ளையும் இரண்டு நாளில் அழுகையை நிறுத்திவிடும். ஆனால் அழுகை நின்றதால் பயம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அழுது பயன் இல்லை என்று தெரிந்துகொண்டாலும் பிள்ளை அழுகையை நிறுத்தும். வாய் திறந்து 'அ', 'ஆ' சொல்ல அதற்கு ஆகஸ்ட் ஆகிவிடும். இது நான் வகுப்பில் கண்ணால் பார்த்தது.

புதுமுகம் கண்டு பயப்படுவது பிள்ளையின் குறை இல்லை. ஏழெட்டு மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வரைக்கும் இது இருப்பது இயல்பு. தன் ஆட்கள் யார், வெளியாட்கள் யார் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதிலும் சாண்டாவுக்கு முகத்தில் பாதியைத் தாடி மறைக்கிறது. கையில் உறை. பிள்ளை முகத்தை வைத்துத்தானே ஆளை அறியும்?

1985-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரு வயதுப் பிள்ளைகளை ஒரு மேஜை மேல் தவழவிட்டார்கள். பாதி தூரத்துக்குப் பிறகு கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். மேலே கெட்டிக் கண்ணாடி இருப்பதால் விழ வழியில்லை. பிள்ளை அங்கே வந்ததும் நின்று, எதிரே நிற்கும் அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா முகம் மலர்ந்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் கடந்து போயின. அம்மா முகத்தில் பயம் தெரிந்தபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. ஆக, பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அது கேட்பது நம் முகத்தைத்தான். அப்படிக் கேட்கும்போது நாம் செல்போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தால், அதற்கு என்ன பதில் கிடைத்தது?

"நாங்களும் அழுதோம், நல்லாத்தானே இருக்கோம்" என்பீர்கள். உண்மைதான். ஒரு போட்டோவால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. ஆனால் கெட்டுப்போகாது என்பதற்காக ஒன்றைச் செய்யத்தான் வேண்டுமா? "பயத்தைப் போக்க வேண்டாமா" என்றும் கேட்பீர்கள். கட்டாயம் போக்க வேண்டும். பிள்ளை தன் காலால் ஓரடி முன்னே வைக்கும்போது பயம் போகிறது. நாம் தூக்கி வைத்தால் போவதில்லை. தடுப்பூசி என்றால் அழுதாலும் போட்டே ஆக வேண்டும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டதும் தேற்ற வேண்டும். சாண்டா மடி தடுப்பூசி இல்லை.

நம் பாளையங்கோட்டைப் பக்கம் டிசம்பர் ராத்திரியில் கேரல் வருமே, ஞாபகம் இருக்கிறதா? டிரம் சத்தத்தோடு முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். சின்னப் பிள்ளைகள் அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைக்கும். யாரும் அவற்றை இழுத்து அவர் கையில் கொடுப்பதில்லை. மிட்டாயை அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தன் வாசல், அம்மா இடுப்பு, பிள்ளைக்கு இரண்டும் கையில் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளைதான் தெருமுனை வரைக்கும் அவர் பின்னால் ஓடும். அந்த முறை நல்ல முறை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இன்று பள்ளிக்கூடங்களில் ஆறு வயதுப் பிள்ளைக்கு 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுக்கிறோம். "பிடிக்காத மாதிரி யாராவது தொட்டா, 'வேண்டாம்'னு சத்தமாச் சொல்லு, அம்மாகிட்ட ஓடி வா" என்கிறோம். 1098 நம்பரை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் அதே பிள்ளை இரண்டு வயதில், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் 'வேண்டாம்' என்று கத்தியபோது நாம் என்ன செய்தோம்? அது அம்மாவிடம் ஓடி வரப் பார்த்தபோது திருப்பி உட்கார வைத்தோம். சுற்றி நின்று சிரித்தோம். நாம் சிரித்த சொல்லை ஆறு வயதில் அது எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? 2017-இல் அமெரிக்காவின் கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு இதையே பெற்றோருக்கு நினைவூட்டியது. பண்டிகைக்கு வந்த சொந்தக்காரராக இருந்தாலும், பரிசு கொடுத்தவராக இருந்தாலும், பெண் பிள்ளை கட்டிப்பிடித்தே ஆக வேண்டும் என்று இல்லை என்றது. மரியாதை போய்விடும் என்று சிலர் இங்கே சண்டைக்கு வந்தார்கள். கை கூப்பினாலும் மரியாதைதான். நமக்கு அது புதிதா என்ன?

சாண்டாவைப் பார்க்கப் போகிற என் பழைய மாணவர்களுக்கு நாலு வார்த்தை:

தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு இருக்கும் நேரமாகப் பார்த்துக் குறியுங்கள். மத்தியானத் தூக்க நேரம் வேண்டவே வேண்டாம்.

போனதும் வரிசையில் நிற்காதீர்கள். முதலில் தூரத்தில் நின்று காட்டுங்கள்.

பிள்ளை மாட்டேன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அதுவும் நல்ல படம்தான்.

அதுவும் வேண்டாம் என்று அழுதால் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். "நான் சொன்னா அம்மா கேப்பா" என்று பிள்ளை தெரிந்துகொள்வதற்கு அந்தப் பணம் பெரிதில்லை.

சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தை மாதம் நாங்கள் ஊருக்கு வருகிறோம், பேத்தியும் வருகிறாள். ஸ்டேஷனில் இறங்கியதும் ஆளாளுக்குக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவள் முயலோடு பேசுங்கள். அவளே வருவாள்.

உங்கள்
ஒன்றாம் வகுப்பு டீச்சர்