குளத்தைக் காணோம்

இந்த இதழின் அட்டைக்குப் பறவைப் படம் போடலாம் என்று முடிவாகி, நண்பர்கள் அனுப்பியவற்றை ஆர்.எஸ்.புரத்து மாடி அறையில் ஒரு ஞாயிறு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்றில் மிஞ்சியது ஒரு வெண்தொண்டை மீன்கொத்தி. சிங்காநல்லூர் குளத்தில் எடுத்தது. நெஞ்சிறகை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்னால் வழுவழுவென்று ஒரே பச்சை. "செம ஷார்ப்" என்றார் ஒருவர். "அட்டைக்குன்னே உக்காந்திருக்கு" என்றார் இன்னொருவர். பக்கம் வடிவமைக்கும் தம்பி சிங்காநல்லூர்க்காரர். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, படம் நல்லாத்தானுங்க இருக்குது. குளத்தைக் காணமுங்களே?"

வடிவேலுவின் கிணறு நினைவுக்கு வந்து எல்லோரும் சிரித்தோம். மற்ற படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அநேகமாக எதிலுமே குளத்தைக் காணோம்.

கவிதையில் ஒரு சொல் பிசகினால் நான்கு பக்கம் எழுதுகிறோம். சினிமாவில் ஒரு காட்சிக்காக நட்பையே முறித்துக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. ஒளிப்படத்தின் முன்னால் மட்டும் "அருமை", "அபாரம்" என்பதோடு நம் சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. பறவை அழகு, ஆகவே படமும் அழகு என்று நகர்ந்துவிடுகிறோம்.

பேச எவ்வளவோ இருக்கிறது. ஒளியையே எடுத்துக்கொள்வோம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கவே முயலும். கறுத்த தண்ணீரில் நிற்கும் கொக்கை அதன் போக்கில் விட்டால், தண்ணீரை வெளுக்கவைக்கப் போய்க் கொக்கைச் சுண்ணாம்புச் சுவராக்கிவிடும். வெளிறிய வானத்தின் முன் மின்கம்பியில் இருக்கும் கரிச்சானோ வெறும் கரித்துண்டாகும். முன்னதற்கு ஒளியைக் குறைக்க வேண்டும், பின்னதற்குக் கூட்ட வேண்டும். இது கணக்கு, ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பது கணக்கில் அடங்காது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தெரியும், தட்டையாக. பக்கவாட்டு வெயிலில்தான் கூழைக்கடாவின் உடம்பு உருண்டு திரளும். எதிர்வெயிலில் அரிவாள் மூக்கனின் அலகு ஒற்றைக் கோடாகும். எந்த வெயிலானாலும் கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு இல்லையென்றால் பறவை உயிரற்றதாகத் தெரியும்.

சட்டக அமைப்பிலும் அப்படித்தான். கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் நாமக்கோழி தண்ணீரில் ஒட்டிய ஸ்டிக்கர். சேற்றில் வயிறு பட இறங்கிப் படுத்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். பார்க்கும் திசையில் பறவைக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். இதெல்லாம் பாலபாடம். இந்தப் பாடத்தில் தேறிய படங்கள்தான் எங்கள் மேசையில் கிடந்தவை. தேறியும் ஏன் ஒன்றுபோல இருந்தன?

நீண்ட லென்ஸ், அகலத் திறந்த துவாரம், பறவைக்குப் பின்னால் போதிய தூரம்: மூன்றும் சேர்ந்தால் பின்புலம் கரைந்துவிடும். அது தவறில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் கரைந்தால், உக்கடம் பெரியகுளத்துப் பறவையும் சூலூர் குளத்துப் பறவையும் ஊர் பேர் இல்லாதவையாகிவிடுகின்றன. ஆகாயத்தாமரை, மிதக்கும் குப்பை, கரையில் இரவெல்லாம் எரியும் அலங்கார விளக்கு எதுவும் இல்லை. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. எதைப் பாதுகாக்கச் சொன்னார்களோ அதைத்தான் நாம் மங்கலாக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில், வனக்கல்லூரி வளாகத்தில், 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த விலங்குகள் அங்கே அசையாமல் நிற்கின்றன. காட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை என்பதை யாரும் மறைக்கவில்லை. நாமோ உயிருள்ள பறவையை அதே கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, இயற்கை என்று தலைப்பிடுகிறோம்.

வேறு வழி நம் மொழியிலேயே உண்டு. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர்ப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தாமே கட்டிக்கொண்ட கனத்த கேமராவைச் சுமந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய யானை தனியாக வருவதில்லை. புல்லையும் மரத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வண்ணத்தின் கவர்ச்சியில்லாமல் படம் நிற்க வேண்டுமென்றால் ஒளியும் இடமும்தான் தாங்க வேண்டும்.

விளிம்புக்கு வெளியே இன்னொன்றும் இருக்கிறது: படம் எடுத்தவர் செய்தது. குட்டை லென்சும் மந்தமான பிலிமும் இருந்த காலத்தில், பறவை நிச்சயம் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான். அதனால் கூட்டருகே மறைவு கட்டினார்கள். இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் 1937-ல் அப்படிப் போய், ஆந்தையின் நகத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்தார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. காட்டுப் பறவையின் கூட்டைக் குலைப்பதையும் 1972 வனஉயிரினச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. கூட்டை மறைத்த கிளையை ஒடித்து ஒளி வாங்கிய படத்துக்கு, ஒளி நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மீன்கொத்தி அட்டைக்கு வரவில்லை. வந்திருப்பது பெரியகுளத்துக் கூழைக்கடா. குறைகள் உண்டு: கரைக்கோடு சாய்ந்திருக்கிறது, மீனவரின் பரிசல் இடப்பக்கம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, பறவையின் முதுகில் வெள்ளை கொஞ்சம் வெந்துவிட்டது. தெரிந்தேதான் போட்டிருக்கிறோம். திட்டி எழுதுங்கள்.

அடுத்த இதழ் முதல் ஒரு படம், அதற்கு ஒரு பக்க விமர்சனம். படம் அனுப்புகிறவர்கள் நான்கு விவரம் சேர்த்து அனுப்புங்கள்: எந்தக் குளம், எந்தக் கரை, எத்தனை மணி, பறவையிலிருந்து எத்தனை அடி. கூட்டுப் படம் வேண்டாம்.