நம்பிச் சொன்ன சொல்லுக்கு என்ன காப்பு?

சென்ற ஆண்டு ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதுகலைப் பொருளியல் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது வங்கி அதிகாரி. "ஐயா, மனுவின் பதினான்காவது பத்தியை மட்டும் படிக்கிறேன், கேளுங்கள்" என்றார். அது அவருடைய மனைவி தாக்கல் செய்திருந்த விவாகரத்து மனு. திருமணமான மூன்றாம் மாதத்தில் அவர் தயங்கித் தயங்கி மனைவியிடம் சொன்ன ஒரு செய்தி அந்தப் பத்தியில் இருந்தது. குறிப்பிட்ட ஒரு பொருளின் மீது அவருக்கு இளம் வயது முதலே இருந்துவரும் பாலியல் ஈர்ப்பு அது. எந்தப் பொருள் என்று நான் இங்கு எழுதப் போவதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத ஒன்று. அவர் மனைவியை எதற்கும் வற்புறுத்தியதாக மனுவிலும் இல்லை. ஆனாலும், "மன விகாரம் கொண்டவரோடு வாழ நேர்ந்ததால் மனக்கொடுமைக்கு ஆளானேன்" என்று அந்தப் பத்தி முடிந்தது. கைப்பேசிச் செய்திகளின் நகல்கள் இணைப்பாகத் தரப்பட்டிருந்தன.

அதைச் சொல்லும்படி அவருக்கு அறிவுரை கூறியவன் நான். திருமணத்திற்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தவர், "மனைவியிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, ஐயா" என்று மட்டும் சொன்னார். நான் விவரம் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பதே சரி. "வாழ்க்கைத் துணையிடம் மறைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அனுமதியோடும், அடையாளங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

இத்தகைய ஈர்ப்பை ஆங்கிலத்தில் 'பெட்டிஷ்' என்கிறார்கள். என்னைப் போன்ற பொருளியல் ஆசிரியர்களுக்கு அச்சொல் மார்க்ஸ் வழியாகவே அறிமுகம். 'மூலதனம்' நூலில், மனித உறவுகள் பண்டங்களின் உறவுகளாகத் தோற்றம் கொள்வதை அவர் அச்சொல்லால்தான் குறித்தார். அதற்கும் முன்பு, மேற்கு ஆப்பிரிக்க மக்களின் வழிபாட்டுப் பொருள்களைப் போர்ச்சுகீசிய வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். 1887-இல் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்பிரட் பினே அதைப் பாலீர்ப்புக்குப் பயன்படுத்தினார். முப்பது ஆண்டுகள் அச்சொல்லை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் இந்தப் பொருளை ஒரு மாணவரின் விவாகரத்து மனுதான் எனக்குக் கற்பித்தது.

மருத்துவம் இதில் நம்மைவிட வெகுதூரம் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, வழக்கத்துக்கு மாறான ஈர்ப்பு வேறு, கோளாறு வேறு என்று பிரித்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இவ்வகை ஈர்ப்பு தனி நோயாக இல்லை. கடுமையான வேதனையோ ஊறு விளையும் அபாயமோ இருந்தால்தான் மருத்துவர் அதைக் கோளாறாகக் கருதலாம். அந்த வேதனையும், பிறர் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால் மட்டும் எழுந்ததாக இருக்கக் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1,040 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேர் வழக்கத்துக்கு மாறானதென வகைப்படுத்தப்பட்ட ஏதேனும் ஓர் ஈர்ப்பு தமக்கு உண்டு என்றார்கள். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் பின்தங்கியதன்று. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு நெறிகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. பிறர் இசைவின்றி நிகழ்பவையும் குழந்தைகள் தொடர்பானவையும் குற்றங்கள். அவற்றை இதனோடு சேர்க்கலாகாது.

ஆக, நோயுமில்லை, குற்றமுமில்லை. இருந்தும் ஏன் சொல்ல முடியவில்லை? வெட்கம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1977-இல் கிட்லாண்ட், பிரெஸ்காட் என்னும் இரு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் காரணம். முதலீட்டுக்கு வரி விதிக்க மாட்டோம் என்று அரசு வாக்களிக்கிறது. அந்த நேரத்தில் அது உண்மையான வாக்குதான். தொழிற்சாலை எழுந்த பிறகு வரி விதிப்பதே அரசுக்கு லாபம் என்றாகிவிடுகிறது. இதை முன்கூட்டியே ஊகிக்கும் முதலாளி தொழிற்சாலையே கட்டுவதில்லை. "எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்கும் மனைவியோ கணவனோ பொய் சொல்வதில்லை. உறவு முறியும் நாளில் அதே செய்திக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. அதை இன்றே உணர்பவர் வாய் திறப்பதில்லை.

அந்த மதிப்பைக் கூட்டுவது நம் சட்டம். இந்துத் திருமணச் சட்டத்தின்படி, இருவரும் ஒப்புக்கொண்டாலன்றி, எதிர்த்தரப்பின் மீது குற்றம் நிறுவித்தான் பெரும்பாலும் விவாகரத்து பெற முடியும். மீட்க முடியாதபடி முறிந்த மணம் என்பது அச்சட்டத்தில் தனிக் காரணமாக இன்றுவரை இல்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் தன் சிறப்பு அதிகாரத்தால் அதை ஏற்கிறது. என் மாணவரின் மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாதகமும் சம்பளமும் பங்காளி வழக்கும் விசாரித்து முடித்த திருமணத்தில் இது மட்டும் மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் எந்தப் பெண்ணுக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பிரிந்துபோக அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் 'எனக்கு இது ஒத்துவராது' என்ற எளிய உண்மை நீதிமன்றத்தில் செல்லாது, 'கொடுமை' வேண்டும். கொடுமை இல்லாத இடத்தில் அந்தரங்கம் அதன் இடத்தை நிரப்புகிறது.

கணவன் மனைவி பேச்சுக்குக் காப்பு இல்லாமலில்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாட்சிய அதிநியத்தின் 128-ஆம் பிரிவு, அதைத் தருகிறது. ஆனால் அவர்களுக்கிடையிலான வழக்குகளுக்கு அக்காப்பு பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. மழை பெய்யும்போது மட்டும் விரியாத குடை! 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலையும் மண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நான்கு சுவருக்குள் நிகழும் கொடுமைக்கு வேறு சாட்சி ஏது? அடிபட்ட பெண்ணுக்கு அந்தப் பதிவே துணை. ஆனால் ஒருவர் செய்தது வேறு, நம்பிச் சொன்னது வேறு. முன்னதற்குத் திறந்த கதவு பின்னதற்கும் திறந்துவிட்டது.

நம்பிக்கை தரும் குரலும் ஒலித்திருக்கிறது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவி தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பதும் சுய இன்பம் காண்பதும் கணவனுக்கு இழைக்கும் கொடுமை ஆகாது என்று கூறி ஒரு கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. திருமணத்தால் ஒருவரின் தனித்தன்மை மறைந்துவிடுவதில்லை என்பதே அதன் சாரம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் மனு இரு வீட்டாரின் கைகளிலும் புரண்டுவிடும். என் மாணவரின் தந்தைக்கு அந்தப் பதினான்காவது பத்தியைத் தமிழில் படித்துக் காட்டியவர் வழக்கறிஞரின் குமாஸ்தா.

துணையிடம் சொல்ல முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லலாமே என்பார்கள். லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் உள்ள நாடு இது. மருத்துவ உளவியலாளர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொள்வோரைக் கேட்பாரில்லை. இந்த இடைவெளியில்தான் விடுதி அறைகளில் முகாம் போடும் பரம்பரை வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். என் மாணவர் முதலில் போனதும் அங்கேதான். இருபதாயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கியிருக்கிறார். பிறகு பார்த்த ஆலோசகர், அடுத்த நாளே அவருடைய மாமனாரிடம் பேசிவிட்டார். மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை நோயாளியின் உரிமை என்கிறது. அந்த ஆலோசகர் அப்படியொரு பிரிவைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பது ஐயமே.

குறிப்பேடுகள் கணினிக்குப் போகும்போது ஆபத்து வேறு உருவம் கொள்கிறது. பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் ஏறத்தாழ 33,000 நோயாளிகளின் பதிவுகள் திருடப்பட்டன. 2020-இல் அவர்களுக்குத் தனித்தனியே மிரட்டல் கடிதங்கள் போயின. நம் 2011-ஆம் ஆண்டு விதிகள், மனநலமும் பாலியல் நாட்டமும் 'நுண்ணுணர்வுத் தகவல்' என்று தனியே வகுத்திருந்தன. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. ஒருவர் தம் ஆலோசகரிடம் சொன்னதும் மளிகைக் கடையில் கொடுத்த அலைபேசி எண்ணும் ஒரே தட்டில்.

மாற்றங்கள் பெரியவை அல்ல. வன்முறையையும் மிரட்டலையும் மெய்ப்பிக்கும் பதிவுகளுக்கு இடம் தந்து, தீங்கற்ற அந்தரங்க ஒப்புதல்களை மட்டும் 128-ஆம் பிரிவின் விலக்கிலிருந்து நாடாளுமன்றம் நீக்கலாம். முறிந்த மணத்தைக் காரணமாக ஏற்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978-இலும் 2009-இலும் பரிந்துரைத்ததை இனியாவது எடுத்துப் பார்க்கலாம். ஆலோசகர் என்ற பெயருக்கு உரிமம் கட்டாயமாக்கலாம்.

என் மாணவரின் வழக்கு, இருவரும் ஒப்புக்கொண்ட மணமுறிவாக முடிந்தது. இப்போது வீட்டில் மீண்டும் பெண் பார்க்கிறார்கள். "இந்த முறை சொல்லலாமா, ஐயா?" என்று சென்ற மாதம் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். சொல்லுங்கள், நிச்சயதார்த்தத்திற்கு முன்பே சொல்லுங்கள், அந்தப் பெண் வேண்டாம் என்றால் வணங்கி விலகிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் இன்னொரு வரியும் சேர்த்தேன்: நேரில் சொல்லுங்கள், எழுத்தில் தராதீர்கள். அந்த வரியை எழுதியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.