வெயில் ஊரில் வெயிலுக்கு ஒரு ரூமா?

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும். இந்த முறை கட்டடம். பி.காம் படிக்கிறவனுக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டல், பெருக்கல் தெரியும். இந்த விஷயத்துக்கு அதுவே போதும் என்பதுதான் என் வருத்தம்.

விஷயம் இதுதான். எங்கள் கும்மிடிப்பூண்டி பக்கம் இப்போது மொட்டை மாடியில் 'சன்ரூம்' கட்டுவது ஃபேஷன். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே பாலிகார்பனேட் ஷீட், உள்ளே ஒரு கூடை ஊஞ்சல், ரெண்டு மணி பிளான்ட் தொட்டி. வீடியோவில் பார்த்தால் யாருக்குமே ஆசை வரும். என் பெரியப்பாவுக்கும் வந்தது.

பெரியப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவர். 2022-ல் ரிட்டயர் ஆனார். பி.எஃப். பணம் வந்தது. அதே சமயம் எங்கள் ஆயாவுக்கு எலும்பு பலவீனம், வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொல்லி, "தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல உட்காருங்க" என்றார். பெரியப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். "எங்கம்மா வெயில்ல உட்கார ஒரு கண்ணாடி ரூம் கட்டறேன்" என்றார். ஃபேப்ரிகேஷன்காரர் ஒருவர் வந்தார், போனில் பத்துப் படம் காட்டினார், அட்வான்ஸ் வாங்கினார். 2023 பிப்ரவரியில் 10-க்கு 10 ரூம் ரெடி. பால் காய்ச்சி, கேசரி எல்லாம் கொடுத்தார்கள். நானும் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். அதனால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முதல் இடி: வைட்டமின் டி. நம் தோல் அதைத் தயாரிக்க வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். பாலிகார்பனேட்டும் அப்படித்தான். சூடு உள்ளே வரும், வெளிச்சம் வரும், ஆயாவுக்குத் தேவையானது மட்டும் வராது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்திருந்தால் காசில்லாமல் முடிந்திருக்கும் வேலை. இதை நான் சொன்னபோது பெரியப்பா, "படிச்ச திமிரு" என்றார். சரி, போகட்டும்.

இரண்டாவது இடி ஏப்ரலில் விழுந்தது. ஆயா மத்தியானம் அந்த ரூமில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "டேய், என்னை இட்லி குண்டான்ல வெச்சு மூடிட்டீங்களாடா?" என்றாள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினேன். வெளியே நிழலில் 37, உள்ளே 45. அதற்குப் பிறகு ஆயா மாடி ஏறவே இல்லை.

ஏன் இப்படி? இங்கேதான் பெருக்கல் கணக்கு.

வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் சுமார் 1000 வாட். 10-க்கு 10 கூரை என்றால் 9.3 சதுர மீட்டர். தெளிவான கண்ணாடியோ ஷீட்டோ அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். ஆக, 7400 வாட். வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் பாருங்கள், 2000 வாட் என்று போட்டிருக்கும். அந்த மாதிரி மூன்று, நான்கு அடுப்பை ஃபுல்லில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் ஊஞ்சல் ஆடுவதுதான் சன்ரூம்.

"ஏசி போட்டுக்கலாமே?" போடலாம். ஒரு டன் ஏசி என்பது 3500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் சமாச்சாரம். கூரை வழியாக வருவதை மட்டும் சமாளிக்கவே இரண்டு டன் வேண்டும். சுவர்க் கண்ணாடி கணக்கு தனி. நம் ஊரில் கரண்ட் பில் ஸ்லாப் ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வெயிலைக் காசு கொடுத்து உள்ளே கூப்பிட்டு, மறுபடி காசு கொடுத்து வெளியே துரத்துவதற்கு அக்கவுன்டன்சியில் என்ன பெயர் என்று எங்கள் சாரிடம் கேட்க வேண்டும்.

இந்தச் சன்ரூம் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். லண்டன் 51.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே உச்சி வெயில் என்பதே தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான். அந்தச் சோகை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ள அவனுக்குக் கண்ணாடி வேண்டும். பிரிட்டனில் 1845-ல் கண்ணாடி மீதான வரியை எடுத்தார்கள். 1851-ல் ஜன்னல் வரியும் போனது (ஆமாம், ஜன்னலுக்கு வரி, சிரிக்காதீர்கள்). அதே 1851-ல் ஜோசப் பாக்ஸ்டன் ஹைட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸைக் கண்ணாடியும் இரும்புமாகக் கட்டினார். கண்ணாடி விலை இறங்கியது, குளிர் ஊர்க்காரன் வீட்டில் கண்ணாடி அறை சேர்ந்தது. அவனுக்கு அது நியாயம்.

நாம் இருப்பது 13.4 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல். டிசம்பரிலேயே 53 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்குக் கூரைதான் முதல் எதிரி, அடுத்தது மேற்குச் சுவர். கூரையைக் கண்ணாடியாக்குவது எதிரிக்கு வாசல் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. இதே இங்கிலாந்துக்காரன் மெட்ராஸ் வந்தபோது என்ன செய்தான்? பழைய பங்களாக்களைப் பாருங்கள். ஆழமான வராண்டா, உயரமான கூரை, ஜன்னலில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர் தட்டி. அவனே இங்கே பிழைக்க நிழலைத்தான் தேடினான். நாம் அவன் ஊரில் விட்டு வந்ததை இன்ஸ்டால்மென்டில் வாங்குகிறோம்.

நமக்கு வெப்பம் மட்டும் பிரச்சினை இல்லை, புழுக்கமும் சேர்ந்தது. பழவேற்காடு, எண்ணூர் பக்கத்துக் கடல் காற்றில் ஈரம் இருக்கும். வியர்வை காய வேண்டுமானால் உடம்பு மேல் காற்று ஓட வேண்டும். நாலு பக்கமும் கண்ணாடியால் அடைத்தால் காற்று நின்றுவிடும். உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப் பிடிக்கும், ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்கும், மழை ஒழுகும், சுவரில் பூஞ்சை ஏறும். இதெல்லாம் முதல் ரெண்டு வருஷத்தில் வருவது.

அடுத்தது புயல். 2016 டிசம்பர் 12, வர்தா. நான் அப்போது ஏழாவது படித்தேன். எதிர் வீட்டு மாடி ஷீட் காகிதம் மாதிரி எழுந்து, கரண்ட் கம்பியைத் தாண்டிப் போய் விழுந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். அதன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அதன் கணக்கு தெரியும். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். கரையைக் கடந்தபோது வர்தா மணிக்கு 110 கிலோமீட்டருக்குக் குறையாமல் வீசியது. அதற்கு 10-க்கு 10 கூரையை மேலே தூக்கும் விசை அரை டன்னுக்கும் மேல். தகர ஷீட்டின் எடையே நாற்பது கிலோ சொச்சம்தான். மீதியை எல்லாம் நாலு ஸ்க்ரூ பிடித்துக்கொள்ள வேண்டும்!

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதே கூரைக்கு ஏறக்குறைய 1400 கிலோ. பெரியப்பா வீட்டுக்கு வந்த ஃபேப்ரிகேஷன்காரரிடம் இந்த எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணாடி என்ன கலர் என்பதை மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். விளைவு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது, அது ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்த்தான் கரை கடந்தது, நம்மை உரசிக்கொண்டு போன காற்றுக்கே ரெண்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. யார் தலையிலும் விழவில்லை. அது குலதெய்வத்தின் புண்ணியம், ஃபேப்ரிகேஷன்காரருடையது இல்லை.

"அப்போ வெளிச்சமான ஒரு ரூம் கட்டவே கூடாதா?" கட்டலாம். தாராளமாக.

மேலே கெட்டியான கூரை போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். ஷீட்தான் கட்டுப்படியாகும் என்றால் நடுவில் ஃபோம் வைத்த சாண்ட்விச் ஷீட் போட்டு, மேலே வெள்ளை அடியுங்கள். சுவரைத் தாண்டி மூன்று அடி தாழ்வாரம் இறக்குங்கள். எதிரெதிராக இரண்டு பக்கம் திறப்பு வையுங்கள், கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கம் கண்ணாடியே வேண்டாம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலி சுவர் வையுங்கள். லாரி பேக்கர் என்று ஒருவர், 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர், அந்த ஊர் முழுக்க இப்படித்தான் கட்டினார். வெயில் சல்லடையாக விழும், காற்று தடையில்லாமல் போகும். குளிர் ஊரில் பிறந்த அவருக்குப் புரிந்தது நமக்குப் புரியக்கூடாதா?

புயலுக்கு: தூணை காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டுப் பிடியுங்கள். சுவர் மேல் சும்மா உட்கார வைக்காதீர்கள். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்று அதிகம் இழுக்கும், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்தே ஆக வேண்டும் என்றால் உடைந்தாலும் சிதறாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் லேமினேட்டட் வகை வாங்குங்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும்.

இதற்கும் காசில்லையா? மார்ச்சில் கீற்றுப் பந்தல் போடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். புயலில் பறக்க ஒன்றும் இருக்காது.

இவ்வளவு கோபம் எதற்கு, யாரோ அவர் காசில் அவர் மாடியில் கட்டுகிறார், உனக்கென்ன என்று கேட்கலாம். அதற்குத்தான் வருகிறேன்.

ஆயா போகாத ரூமை பெரியப்பா சும்மா விடவில்லை. பிய்ந்த ஷீட்டுக்குப் பதில் தகரம் போட்டார், கண்ணாடிக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார், சிப்காட்டில் வேலை செய்யும் நான்கு வட இந்தியப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அவர்களுக்கு நைட் ஷிஃப்ட். என் வயசுதான் இருக்கும். இரவெல்லாம் ஃபர்னஸ் பக்கம் நின்றுவிட்டு, காலையில் வந்து, ஆயா பத்து நிமிஷம் உட்கார முடியாத ரூமில் பகல் பூரா படுக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் பார்த்தேன். நான்கு பேரும் தண்ணீர் டேங்க் நிழலில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிழலும் மூன்று மணிக்கு நகர்ந்துவிடும்.

இருபத்தெட்டு வருஷம் அதே சூட்டில் நின்றவர் பெரியப்பா. அவருக்குத் தெரியாதா? "மாசம் வாடகை வருதுடா, போட்ட காசை எடுக்க வேணாமா?" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு அந்தப் பையன்களுக்கும் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தவர். ஆனால் தப்பாகக் கட்டின ரூமின் நஷ்டத்தை இப்போது கட்டுவது அவர் இல்லை, அவர்கள். எங்கள் பாடத்தில் செலவை அடுத்தவர் தலையில் தள்ளுவது என்று ஒரு பக்கம் வரும். அதைப் பரீட்சைக்குப் படித்தேன், இப்போது மாடியில் பார்க்கிறேன்.

சிப்காட்டைச் சுற்றி எத்தனை மாடியில் இப்படி ஷீட் ரூம் என்று லோக்கல் ட்ரெயினில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், பொன்னேரி வருவதற்குள் கணக்கு தப்பிவிடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. ஆனால் அந்தப் பேரிடரில் கொஞ்சத்தை நாமே வெல்டரை வைத்து மாடியில் கட்டிக்கொள்கிறோம்.

என் கோரிக்கை ஒன்றுதான். மாடியில் ரூம் கட்டுகிறவர்கள், அதற்கு சன்ரூம் என்று பெயர் வைத்தாலும் சரி, வாடகை ரூம் என்று வைத்தாலும் சரி, மே மாதம் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஃபேன் மட்டும் போட்டு அதில் படுத்துத் தூங்கிக் காட்டுங்கள். தூங்கிவிட்டால் நான் எழுதிய அத்தனையும் தப்பு என்று இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

பி.கு: இதைப் பெரியப்பா படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் மாடிக்குப் போய் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டு, கீற்றுக்காரர் நம்பர் கேட்டார். தகரத்துக்கு மேல் முதலில் கீற்று போடலாம் என்று இருக்கிறோம். மற்றதை மெதுவாகப் பேச வேண்டும்.