சாவுக்குப் பிறகு வரும் சோதனை

2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி இருப்பது உறுதியானது. உடனே தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் ஷவர்மா கடைகளில் அதிரடிச் சோதனை நடந்தது. பதினாறு மாதம் கழித்து, 2023 செப்டம்பரில், நாமக்கல்லில் உணவகத்து ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். நாற்பது பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். மறுபடியும் மாநிலமெங்கும் சோதனை. துக்கம் விசாரிக்க வருவதைப் போல, சாவு விழுந்த பிறகுதான் ஆய்வு கடை வாசலுக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னும் இது மாறவில்லையென்றால் அடுத்தது யார் வீட்டுப் பிள்ளை?

ஷவர்மா கம்பியில் கோழிக்கறியை அடுக்கடுக்காகக் குத்தி நெருப்புக்கு முன் சுழல விடுகிறார்கள். வெளிப்பக்கம் சிவந்ததும் சீவித் தருகிறார்கள். கூட்டம் கூடும் நேரத்தில் கறி வேகும் வேகத்தைச் சீவும் வேகம் முந்திவிடுகிறது. அரைவேக்காட்டுக் கறி ரொட்டிக்குள் போகிறது. மிஞ்சியது ஃப்ரிட்ஜில் படுத்து, மறுநாள் மாலை புதுக் கறியோடு மறுபடி கம்பி ஏறுவதும் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றில் சில உமிழும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அந்நிய உணவு என்று ஷவர்மாவைத் திட்டிப் பயனில்லை. அண்டாவில் ஆறிக் கிடக்கும் பிரியாணிக்கும் இதே விதிதான்.

கறி நடுவரை வெந்ததா என்று பார்க்கக் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று போதும். ஆனால் அதைக் குத்த வேண்டிய நேரம் இரவு எட்டு மணி. பகல் பதினொரு மணிக்குப் போகிற உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் கழுவிய தரையும் சுவரில் மாட்டிய உரிமமும்தான் கண்ணில் படும்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில், குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவும், ஆபத்து கண்முன் இருந்தால் கடையை அவசரமாக மூடவும் வழி இருக்கிறது. உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. எடுத்த மாதிரிக்கு 14 நாளுக்குள் பகுப்பாய்வு அறிக்கை வர வேண்டும். ஷவர்மாவோடு தரும் மயோனைஸோ மாலையில் அடித்து இரவுக்குள் தீர்ந்துபோகும் பொருள். அறிக்கை வரும்போது அதைத் தின்றவர் தேறியிருப்பார், அல்லது தேறாமலே போயிருப்பார். கடைக்குள் போய்க் கண்ணால் பார்க்கிற ஆய்வுக்கு ஆய்வகம் ஈடாகாது.

தடைகளும் அப்படித்தான். ரோடமைன்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியிலும், பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கும் தமிழ்நாடு அரசு தடை போட்டது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் வெள்ளை விழுதைப் பார்த்து அது பச்சை முட்டையா, சூடுகாட்டிய முட்டையா என்று வாடிக்கையாளர் எப்படிச் சொல்வார்? சமையலறைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் அலுவலருக்குத்தான் இருக்கிறது.

தள்ளுவண்டிக்காரரை விரட்டுவதை மட்டும் யாரும் ஆய்வு என்று எண்ணிவிடக் கூடாது. கையேந்தி பவனில் ஒரே வாளித் தண்ணீரில் மாலை முழுக்கத் தட்டு அலசுகிறார்கள்; ஒன்பது மணிக்கு அந்தத் தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடை கட்டியிருக்கிறது. பக்கத்தில் குழாய் இருந்தால் அவர் ஏன் அப்படிச் செய்யப்போகிறார்? அந்தக் குழாயைப் போட வேண்டியது மாநகராட்சியும் நகராட்சியும். காய்கறிச் சந்தை, மீன் சந்தைகளில் சாக்கடை ஓரம் சாக்கு விரித்து விற்பவருக்கும் மேடையும் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் பிறகு சுத்தம் கேட்கட்டும்.

அரசு இந்த மாதமே தொடங்கலாம். ஆய்வு நேரத்தை மாலை ஆறு மணிக்கு மேல் மாற்ற வேண்டும். காலிப் பணியிடம் இருந்தால் நிரப்ப வேண்டும். கடைசியாக ஆய்வு நடந்த தேதியையும், கண்ட குறையையும், அது சரிசெய்யப்பட்டதா என்பதையும் தமிழில் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் அல்லாமல், காசு கொடுக்கும் முன் படிக்கிற மாதிரிக் கடை வாசலில் ஒட்ட வேண்டும்.