பதினைந்தே சொற்கள்

சீட்டாட்டத்துக்கா தங்கப் பதக்கம் என்று 2018 செப்டம்பர் 1-ம் தேதி முகம் சுளித்தவர்கள் உண்டு. அன்றுதான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரிட்ஜ் ஆடவர் ஜோடிப் பிரிவில், மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் (வயது 60) சிப்நாத் சர்க்காரும் (56) முதலிடம் பெற்றார்கள். ஆசியப் போட்டியில் பிரிட்ஜ் சேர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. இந்தியக் குழுவில் 79 வயது ரீட்டா சோக்சியும் இருந்தார். இந்தோனேசியாவின் பெரும் கோடீஸ்வரர் பம்பாங் ஹார்டோனோ, 78 வயதில் தன் நாட்டுக்காக ஆடி வெண்கலம் வாங்கினார்.

சீட்டு என்றதும் நமக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும்: அதிர்ஷ்டம், கள்ள ஆட்டம். வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச பிரிட்ஜ் போட்டிக்கு முதன்முதலாகப் போகும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரர் அங்கே காண்பதோ, இந்த இரண்டையும் வாசலிலேயே நிறுத்த மனிதர்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளை.

முதலில் அதிர்ஷ்டம். நாலு பேருக்கான சீட்டுகளும் நாலு அறைகள் கொண்ட ஒரு சிறு தட்டில் வைக்கப்பட்டு, ஆடி முடித்ததும் கலைக்கப்படாமல் அடுத்த மேசைக்குப் போகின்றன. உங்களுக்கு வந்த அதே 13 சீட்டுகள் மற்ற மேசைகளில் உங்கள் திசையில் உட்காருபவர்களுக்கும் வரும். உங்கள் மதிப்பெண் எதிராளியை ஜெயித்ததால் வருவதல்ல. அதே சீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்ததைவிட நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்பதால் வருவது. படுமோசமான சீட்டோடு மற்றவர்களைவிடக் குறைவாகத் தோற்றவருக்கு முழுப் புள்ளியும் கிடைக்கலாம். ஊர் கிளப்பில் செல்லுபடியாகும் "சீட்டே சரியா வரலை" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஜகார்த்தாவில் இந்திய ஜோடிக்கு 384 புள்ளிகள், இரண்டாவதாக வந்த சீன ஜோடிக்கு 378. அந்த ஆறு புள்ளிகளைச் சீட்டு கொடுக்கவில்லை.

அடுத்தது மொழி. 28, 304 ஆடிப் பழகியவர்களுக்கு ஏலமும் துருப்பும் புதிதல்ல. பிரிட்ஜில் எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஏலத்தில் அவர்கள் பயன்படுத்தக்கூடிய சொற்கள் மொத்தம் பதினைந்து: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நாலு ஜாதிகள், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். இவற்றை வைத்து 38 விதமாகத்தான் பேச முடியும். ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டு வகைகளோ சுமார் 63,500 கோடி. எனவே சொற்களுக்கு வேறு பொருள் ஏற்றுகிறார்கள். கூட்டாளி "ஒரு நோ டிரம்ப்" என்றதும் இவர் "இரண்டு கிளப்" என்றால், பெரும்பாலான ஜோடிகளுக்கு இவரிடம் கிளப் இருக்கிறது என்று அர்த்தமல்ல. "உன்னிடம் ஸ்பேடோ ஹார்ட்டோ நாலு சீட்டு இருக்கிறதா?" என்ற கேள்வி அது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விதி இங்குதான் வருகிறது. ஜோடிக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் எதுவும் ரகசியமாக இருக்கக் கூடாது. எதிராளி கேட்டால் அதன் பொருளைச் சொல்லியாக வேண்டும். சீட்டை மறைக்கலாம், அகராதியை மறைக்கக் கூடாது.

உலகப் போட்டிகளில் மேசையின் குறுக்கே ஒரு திரை நிற்கும். கூட்டாளியின் முகம் தெரியாது. ஏலத்தை வாயால் சொல்வதில்லை. அச்சிட்ட அட்டையை ஒரு தட்டில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ள வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் உள்ள எதிராளி பொருள் கேட்டால் எழுதிக் காட்ட வேண்டும். பெருமூச்சு, புருவ நெரிப்பு, சீட்டை டக்கென்று போடும் வேகம் என்று கிளப்பில் பழகிய எதுவும் உதவாது. 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் முதன்முதலாகத் திரை வைத்தபோது, ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் காலால் பேசியதாகப் புகார் கிளம்பியது. பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது.

இவ்வளவு செய்தும் கள்ள ஆட்டம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2015-ல் சென்னையில் உலகப் போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு சில முன்னணி ஜோடிகள்மீது சைகை மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் விலகிக்கொண்டன. உலகச் சாம்பியன்களையே விசாரித்து வெளியேற்றத் தயங்காத ஆட்டத்தைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல.

இன்னொரு சிறப்பும் இதற்கு உண்டு. விம்பிள்டனில் ஆட நீங்களும் நானும் பெயர் கொடுக்க முடியாது. ஆனால் 2022-ல் போலந்தின் விரோட்ஸ்வாஃபில் நடந்ததுபோன்ற உலகப் போட்டித் தொடரில் நாட்டுத் தேர்வு கிடையாது. சொந்த நாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து நுழைவுக் கட்டணம் கட்டினால், எதிரே ஓர் உலகச் சாம்பியன் வந்து உட்காரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் விமானச் செலவுதான் பெரிய தடை. அதைச் சமாளித்துப் புறப்படுகிறவர்கள், கூட்டாளியோடு உட்கார்ந்து ஒவ்வோர் ஏலத்துக்கும் என்ன பொருள் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே எதிராளி முதலில் பார்க்கக் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.