உவர்த்த கிணற்றுக்கு ஈடு ஏது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கமக்காரன் தோட்டத்துக்கு இறைப்பதும் அவன் வீட்டில் உலைக்கு வார்ப்பதும் கிணற்று நீரே. சுண்ணக்கற்பாறை சேர்த்து வைத்த அந்த மழைநீர், கீழே பரந்துள்ள உவர்நீரின்மேல் மிதந்து கொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே அந்த ஓரடி குறைந்தாற் கீழிருந்து உவர் எழுந்து வரும். வன்னியிலும் கிழக்கிலும் கரையோர மணற்பாங்கான ஊர்களின் நிலையும் இதற்குப் பெரிதும் வேறானதன்று.

இத்தகைய நிலத்திலே இறாற் பண்ணைகளை விரிவாக்க வேண்டும் என்கின்றனர். அந்நியச் செலாவணி வரும், இளைஞருக்குத் தொழில் கிடைக்கும் என்கின்றனர். இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. ஆனால் விலை கொடுப்பவர் யார் என்று கேட்கின்றோம். கடல்நீரையோ களப்பு நீரையோ இறைத்துக் குளங்களில் மாதக்கணக்காகத் தேக்கினால், அவ்வுவர் மணலூடு இறங்கி அயற் கிணறுகளையும் வயல்களையும் அடையும். குளத்து உவர்ப்பைத் தணிக்க நிலத்தடி நன்னீரையும் இறைத்தாலோ, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலே உள்ளே புகும். இலாபம் பண்ணையாளனுக்கு, உவர் அயலானுக்கு.

புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980களில் இத்தொழில் வளர்ந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல கைவிடப்பட்டன. முதலிட்டவன் வேறிடம் போகலாம். குளம் வெட்டிய நிலம் எங்கே போகும்?

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததும் நமக்குப் பாடமாகும். நாகப்பட்டினக் கரையோர மக்களின் துயர் கண்டு, காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசெம்பர் 11 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, பாரம்பரிய வளர்ப்பு முறைகள் நீங்கலாக, கரையோர ஒழுங்கு வலயத்திலிருந்த இறாற் குளங்களை அகற்றப் பணித்தது. விளைநிலங்களை இறாற் குளங்களாக மாற்றுதலையும் தடுத்தது. ஆயின் 2005 ஆம் ஆண்டு இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, அவ்வலயத் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என, முன்சென்ற காலத்துக்கும் செல்லுபடியாகும் வண்ணம் விதித்தது. நீதிமன்றிற் பெற்ற வெற்றியை மக்கள் விழித்திருந்து காவாவிடின், சட்டமன்றில் அது கைநழுவும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993 இல் வெளியான வர்த்தமானி, 4 ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டங்களையே சுற்றாடற் தாக்க மதிப்பீட்டுக்கு உட்படுத்தியது. 9 ஏக்கர்ப் பண்ணைகள் பத்து அருகருகே அமைந்தால் என்ன செய்வது? காகிதத்தில் அவை பத்துச் சிறு பண்ணைகள். கிணற்றுக்கோ அவை ஒரே உப்பளம். காணி எல்லையை நில அளவையாளன் அறிவான்; நிலத்தடி நீர் அறியாது.

கேடு வந்தபின் வழக்காடலாமே என்பர் சிலர். சுன்னாகத்தில் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்ற நெறியைக் கொண்டு 2019 இல் நமது உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அத்தீர்ப்பைப் போற்றுகின்றோம். ஆயினும் அது வருமுன் அவ்வூர் மக்கள் தம் கிணற்றுக்கே அஞ்சிப் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். பணம் குடிநீராகாது.

ஆகவே நாம் கோருவது இது: உரிமம் வழங்குமுன் அயற் கிணறுகளின் உவர்ப்பு அளக்கப்பட்டு, அக்கணக்கு ஊரறிய வெளியிடப்படல் வேண்டும். அருகருகேயுள்ள பண்ணைகள் யாவும் ஒன்றாகக் கணிக்கப்படல் வேண்டும். கேடு வராது என நிறுவும் பொறுப்பு உவர்நீரைக் கொணர்பவன் மேலதாதல் வேண்டும். கேடு வந்தது என நிறுவும் சுமையை ஏழைக் கமக்காரன் தலையில் ஏற்றலாகாது. நிலத்தைச் சீர்செய்வதற்கான பிணைப்பணமும் முன்னரே கட்டப்படல் வேண்டும்.

கற்றோர் சட்டத்தை எடுத்துரைக்கட்டும். கமக்காரர் தத்தம் கிணற்று நீரை இன்றே சோதித்துப் பதிந்து வைக்கட்டும். இன்று எழுதி வைக்கும் அந்தக் கணக்கே நாளை மன்றில் நம் சாட்சி.