மிகப் பெரிய நட்சத்திரம் என்ற பட்டம் எதற்கு?

பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளில் ஒரு வகை உண்டு. முதலில் பூமி ஒரு கோலிக்குண்டு மாதிரி வரும். பக்கத்தில் வியாழன், அதைவிடப் பெரிதாகச் சூரியன், பிறகு ஒன்றை ஒன்று விழுங்குவது போல நட்சத்திரங்கள். கடைசியில் திரையையே அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோளம், ஒரு பெயர், ஓர் எண். பிரபஞ்சத்திலேயே மிகப் பெரிய நட்சத்திரம் இதுதான் என்று ஒரு குரல் முழங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி எண்ணை மட்டும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கொஞ்ச காலம் முன்பு வரை அந்தப் பட்டம் யு.ஒய். ஸ்கூட்டி என்ற நட்சத்திரத்திடம் இருந்தது. 1860-ல் ஜெர்மனியின் பான் நகர வானாய்வகத்தார் பட்டியலில் சேர்த்த நட்சத்திரம் இது. 2012-ல் சிலி நாட்டுப் பாலைவன மலை ஒன்றில் இருக்கும் ஐரோப்பியத் தொலைநோக்கிகளால் இதை அளந்தார்கள். சூரியனைப் போல 1,708 மடங்கு பெரியது, 192 மடங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார்கள். காணொளிக்காரர்கள் 1,708-ஐ எடுத்துக்கொண்டார்கள், 192-ஐ விட்டுவிட்டார்கள். பிறகு கையா என்ற விண்கலம் நட்சத்திரங்களின் தொலைவைத் துல்லியமாக அளக்கத் தொடங்கியது. யு.ஒய். ஸ்கூட்டி முன்பு நினைத்ததைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து கணக்கு வந்தது. பக்கத்தில் இருந்தால் பருமனும் குறைய வேண்டுமல்லவா? ஆயிரம் மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

அதற்கு முன் பட்டத்தை வைத்திருந்தது பெருநாய் மண்டலத்தின் வி.ஒய். கேனிஸ் மேஜோரிஸ். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு அதை 600 மடங்கு என்றது. இன்னொரு குழு 1,800-க்கும் 2,100-க்கும் இடையில் என்றது. 2012-ல் வந்த அளவு 1,420. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் பூமியை ஒரு சுற்று சுற்ற இரண்டு நாள் கூட ஆகாது. சூரியனைச் சுற்ற சுமார் 200 நாள் ஆகும். இந்த நட்சத்திரத்தைச் சுற்ற ஏறத்தாழ 780 ஆண்டுகள்! இப்போது பிள்ளைகள் சொல்வது ஸ்டீபன்சன் 2-18 என்ற பெயரை. 2,150 மடங்கு என்கிறார்கள். அதன் தொலைவே இன்னும் தீராத வழக்கு. இப்படி ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரங்கள் சுமார் 1,500 மடங்கைத் தாண்டி நிலைப்பது கடினம் என்பது கோட்பாட்டுக் கணக்கு.

ஏன் இப்படி எண்கள் ஏறி இறங்குகின்றன? விஞ்ஞானிகள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நமக்கு நன்றாகத் தெரிந்த திருவாதிரையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மேற்கத்தியர் பெட்டல்ஜூஸ் என்று அழைப்பது இதைத்தான். சூரியனைத் தவிர்த்து, மனிதன் முதன்முதலில் விட்டத்தை அளந்த நட்சத்திரம் இது. 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில், மைக்கேல்சன் வகுத்த முறைப்படி, 100 அங்குலத் தொலைநோக்கியின் தலையில் 20 அடி நீள இரும்புச் சட்டத்தைப் பொருத்தினார்கள். அதன் மேல் தள்ளித் தள்ளி வைத்த கண்ணாடிகளில் விழுந்த ஒளியை ஒன்று சேர்த்து அளந்தார்கள். கிடைத்த கோணம் ஒரு விகலையில் 0.047 பங்கு. திருச்சியில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைத் திண்டுக்கல்லில் இருந்து பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு.

கோணம் கிடைத்தால் போதாது, அதைத் தொலைவால் பெருக்கினால்தான் பருமன் வரும். அன்றைக்குத் திருவாதிரையின் தொலைவு சுமார் 180 ஒளியாண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். விட்டம் சூரியனைப் போல 280 மடங்கு என்று வந்தது. இன்று அதன் தொலைவு 500 முதல் 700 ஒளியாண்டு வரை என்கிறார்கள். அதனால் பருமனும் 640-ல் தொடங்கி ஆயிரம் மடங்கு வரை சொல்லப்படுகிறது. நூறு ஆண்டுக்கு முன் அளந்த கோணம் இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் நிற்கிறது. எண் மாறியதற்குத் தொலைவுதான் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நட்சத்திரங்களுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. தேங்காய் ஓடு மாதிரி கெட்டியான விளிம்பு இருந்தால் இதோ முடிந்தது என்று சொல்லலாம். இவை சாம்பிராணிப் புகை மாதிரி. புகை எந்த இடத்தில் முடிகிறது என்று யாரால் சொல்ல முடியும்? திருவாதிரையின் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. சூரியனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும். எடை போட்டால் சூரியனைப் போல இருபது மடங்கு கூடத் தேறாது. எடையில் முன்னிற்கும் ஆர்136ஏ1 சூரியனைப் போல 200 மடங்கு கனம். அதன் பருமனோ 40 மடங்குதான். ஆகப் பெரியது என்றால் எதில் பெரியது என்று முதலில் கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இவற்றின் பருமன் அந்திமக் காலத்து வீக்கம். கனமான நட்சத்திரம் தன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டுக் கடைசியில் ஊதிப்போகிறது. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இன்னும் பாதி ஆயுள் மிச்சம். திருவாதிரைக்கு ஒரு கோடி ஆண்டு ஆகியிருந்தால் அதிகம், அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டது. சிக்கனமாகச் செலவழித்தவன் நீண்ட நாள் இருக்கிறான். ஓய்வூதியக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு வினாடி வினாவில் மிகப் பெரிய நட்சத்திரம் எது என்று கேட்டார்கள். ஒரு பையன் யு.ஒய். ஸ்கூட்டி என்றான். விடைத்தாளில் வேறு பெயர் இருந்ததால் மதிப்பெண் இல்லை. அடுத்த பெண் ஸ்டீபன்சன் என்றாள், கைதட்டல். எப்படி அளந்தார்கள் என்று இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. பையன் முகம் வாடிப்போனது. அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை வைத்ததே அநியாயம் என்பது என் கருத்து. இன்னும் பத்து வருஷத்தில் அந்த விடைத்தாளும் பழசாகிவிடும். எண் மாறுவது அறிவியலுக்கு அவமானம் இல்லை. கூடக் குறைய இவ்வளவு இருக்கலாம் என்று எழுதி வைப்பது அதன் நாணயம். அந்தக் கூடக் குறையவை மறைத்துவிட்டுப் பட்டம் மட்டும் கொடுத்தால், பிள்ளைகள் நாளைக்கு எண் மாறும்போது அறிவியலையே நம்ப மாட்டார்கள்.

மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக நிற்பது திருவாதிரை. தொலைநோக்கி வேண்டாம், கண் புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் தெரியும். பேரனிடம் எண்ணைச் சொல்வதற்கு முன் திருச்சி நாணயத்தைச் சொல்லுங்கள். எப்படித் தாத்தா அளந்தார்கள் என்று அவனே கேட்பான்.